எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவது?

பழனிசெட்டிபட்டியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் முப்பத்து நான்கு வயது மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது புது வாத்தியார் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் வயதில் பாதி வயதுகூட ஆகாத பையனிடம், "தம்பி, வெக்டர்னா என்னப்பா?" என்று கேட்டார்.

இவர் விமானி ஆகப் போகிறவர் என்று நாங்கள் சொன்னபோது அந்தப் பையன் "நெசமாவா?" என்றான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் விமானி ஆக நினைப்பவர் ஏன் விமானத்துக்குப் போகாமல் எங்கள் கடைசி பெஞ்சுக்கு வந்திருக்கிறார் என்பதற்குப் பதில் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அவரைத் தம்பி என்றே இங்கே குறிப்பிடுகிறோம். தம்பியின் அம்மா ஏலத்தோட்டக் கூலி. இந்தப் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கூடலூர், கம்பம், போடி என்று ஊர் ஊராகப் பெண்களை அடைத்துக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மலையேறும். இருட்டிய பிறகு இறங்கி வரும். அந்தக் கூலியில்தான் தம்பி பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். ஆனாலும் பள்ளியில், "ஒனக்கெதுக்குப்பா சயின்ஸ் குரூப்பு? வரலாறு எடு, பாசாயிருவ" என்றார்கள். வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எடுத்துவிட்டார். பிறகு வளைகுடா நாடு ஒன்றின் விமான நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று அடுக்கியே முதுகு போய்விட்டது என்பார். சேமிப்பு பதினான்கு லட்சத்தோடு ஊர் திரும்பினார்.

திரும்பிய கையோடு எங்களிடம் வந்தார். கையில் வழவழப்பான தாள் ஒன்று. பெருநகரில் உள்ள ஒரு முகவர் அலுவலகம் கொடுத்தது. மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு லட்சம் கட்டினால் விமானி பயிற்சியில் இடம், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தம்பிக்குச் சேர்வதா வேண்டாமா என்ற சந்தேகம் இல்லை. அவர் கேட்டது வேறு.

"அக்கா, எது மொதல்ல எடுக்கணும்? பி.பி.எல். எடுத்துட்டு சி.பி.எல். போகவா, நேரா சி.பி.எல். போகவா? மல்டி எஞ்சின் எப்ப? இன்ஸ்ட்ரக்டர் எடுக்கணுமா, இல்ல ஏர்பஸ்ஸுக்கு நேரா போயிரலாமா? ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்."

எங்களுக்கு என்ன தெரியும்? வகுப்பு நடத்தும் நான்கு பேரில் இரண்டு பேர் விமானத்திலேயே ஏறியதில்லை. ஆனால் அரசாணை படித்துப் பழகிய கண்கள் இருக்கின்றன. உதவித்தொகை விதியில் எந்தக் காற்புள்ளியில் நம் பிள்ளையைத் தள்ளிவிடுவார்கள் என்று தேடித் தேடிப் பழகிய கண்கள். அதே கண்களால் மூன்று வாரம் உட்கார்ந்து டி.ஜி.சி.ஏ. விதிகளைப் படித்தோம். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தேடி, பறந்துகொண்டிருக்கும் இரண்டு பேரிடம் தொலைபேசியில் பேசினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் ஏணி ஒன்றை வரைந்தோம்.

ஏணியின் படிகள் இவை. பி.பி.எல். என்பது தனியார் விமானி உரிமம். நாற்பது மணி நேரப் பறப்பு போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கூலி வாங்கக் கூடாது. அடுத்தது சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம். இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும். அதில் நூறு மணி நேரம் பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். முந்நூறு கடல் மைல், அதாவது ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலான நெடும்பயணம் ஒன்று வேண்டும். இரவுப் பறப்பு ஐந்து மணி நேரம் வேண்டும். மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று பெயர். இரட்டை எஞ்சின் விமானத்துக்கு மல்டி எஞ்சின் ரேட்டிங். பிறருக்குக் கற்றுக்கொடுக்க உதவிப் பயிற்றுநர் ரேட்டிங். ஏர்பஸ், ஏ.டி.ஆர். போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங். உச்சியில் ஏ.டி.பி.எல்., ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்த பிறகு. விமானத் தலைவர் நாற்காலி அதற்கு அப்புறம்தான்.

பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். சி.பி.எல். முடியும்போது மொத்தச் செலவு அரைக் கோடியை ஒட்டி வந்துவிடும். டைப் ரேட்டிங்குக்கு அதற்கு மேலும் லட்சங்கள். விமான நிறுவனங்களே நடத்தும் பயிற்சித் திட்டங்கள் கோடியைத் தாண்டுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு முப்பதை ஒட்டியே வயது வரம்பும் உண்டு. தம்பிக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது.

முகவர் கொடுத்த தாளில் இந்தப் படிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. முதலில் பணம், பிறகு பறப்பு, நடுவில் எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை "பயிற்சியின்போது". அந்த வரிசை யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்தோம். இடையில் நின்றுபோனாலும் அப்பாவின் கடையோ மாமாவின் வயலோ தாங்கிக்கொள்ளும் வீட்டுப் பிள்ளைக்கு அது சரியாகவே இருக்கலாம். அவன் நடுப்படியில் சறுக்கினால் கீழே மெத்தை இருக்கிறது. தம்பி சறுக்கினால் கீழே இருப்பது அம்மாவின் ஓட்டு வீடு. எது முதலில், எது பிறகு என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத்தான் தெரியும். கூர்ந்து பார்த்தால், விழுந்தால் தாங்க யாருக்கு ஆள் உண்டு என்ற கேள்விதான் அது. அந்தக் கேள்விக்குச் சாதியைத் தவிர்த்துவிட்டு இந்த நாட்டில் பதில் சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் ஏணியைத் திருப்பி வரைந்தோம். எங்களுக்குத் தெரிந்த வகையில் நான்கு விதிகள் வைத்தோம். எது நம்மைத் தடுத்து நிறுத்த முடியுமோ அதை முதலில் முடிப்பது. மலிவானதை விலை கூடியதற்கு முன்னால் வைப்பது. காலாவதியாகும் தகுதியைக் கடைசியில் வாங்குவது. எந்தப் படியில் நின்றுபோனாலும் அங்கே நின்று சோறு தின்ன முடிகிற மாதிரி அடுக்குவது.

முதல் விதிப்படி மருத்துவம்தான் முதல் படி. விமானிக்கு முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1 என்று உடல் தகுதிச் சான்று வேண்டும். கண், காது, இதயம், நிறப்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். கிளாஸ் 1 இல்லாமல் வணிக விமானி உரிமம் இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சடங்கு மாதிரி முடிந்துவிடலாம். முப்பத்து நான்கு வயதில், ஒன்பது ஆண்டு சுமை தூக்கிய முதுகோடும் வளைகுடா வெயிலில் ஏறிய ரத்த அழுத்தத்தோடும் போகிறவருக்கு இதுதான் பெரிய வாசல். இதில் தவறினால் சில ஆயிரம் ரூபாயோடு போகும். பன்னிரண்டு லட்சம் கட்டிய பிறகு தவறினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சான்றை வாங்கிய பிறகும் காலம்தோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே உடம்பு என்பது இந்தத் தொழிலில் தொடர்ந்து கட்ட வேண்டிய தவணை. தம்பி பீடியை விட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

இரண்டாவது தடையை நாங்களே எதிர்பார்க்கவில்லை. வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும். முன்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்று இருந்தது. 1990களில்தான் இந்த விதி வந்தது. தளர்த்தலாமா என்ற பேச்சு 2025ல் எழுந்தது. விதி மாறும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பதினாறு வயதில் "வரலாறு எடு, பாசாயிருவ" என்று ஒருவர் சொன்ன வார்த்தை பதினெட்டு ஆண்டு கழித்து வந்து விமானத்தின் கதவை மறிக்கிறது. முகவர் இதைக் கேட்கவே இல்லை. எந்த குரூப் படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டு லட்சத்துக்கு ரசீது போடத் தயாராக இருந்தார்கள்.

நல்ல வேளையாகத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் இயற்பியல், கணக்கு ஆகிய இரண்டை மட்டும் தனியாக எழுதித் தேறலாம். வயது தடையில்லை. தம்பி கடைசி பெஞ்சுக்கு வந்த கதை இதுதான். விமானி ஏணியின் முதல் படி எந்த வரைபடத்திலும் இல்லாத படி. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொடங்க வேண்டியது அங்கேதான்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். வான்வழி அறிதல், வானிலை, விமான ஒழுங்குமுறைகள், விமானத் தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். இவற்றோடு ஆர்.டி.ஆர். எனப்படும் வானொலி உரையாடல் தேர்வு. இவையெல்லாம் பறப்போடு ஒப்பிட்டால் மிக மலிவு. வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து எழுதலாம். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகு படித்தால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் தேர்வு முடிவுக்கும் ஆயுள் உண்டு. எழுதி வைத்துவிட்டுப் பல ஆண்டு சும்மா இருக்க முடியாது. ஆகவே பறப்புக்கான பணம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வரும்போது எழுத வேண்டும்.

பி.பி.எல். வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாணவர் விமானி உரிமத்திலிருந்து நேராக சி.பி.எல். நோக்கிப் போகலாம் என்றிருக்கும்போது, சம்பாதிக்க முடியாத ஒரு படிக்குத் தனியாகத் தேர்வும் கட்டணமும் எதற்கு? வசதியுள்ளவருக்கு அது அழகான படி. வார இறுதியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். நமக்கு அது மூச்சு வாங்க இடமில்லாத படி.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கடைசியில், மல்டி எஞ்சின் விமானத்திலேயே. இதுதான் மூன்றாவது விதி. அந்தத் தகுதி ஓராண்டுதான் செல்லும். பிறகு மறுபடி பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்தால், வேலை கிடைக்கும் முன்பே அது காலாவதியாகும். பறக்காத விமானிக்குப் புதுப்பிக்கும் செலவு கடனுக்கு மேல் கடன். டைப் ரேட்டிங் அதைவிடப் பெரிய சூது. எந்த நிறுவனம் எடுக்கும் என்று தெரியாமல் ஏர்பஸ்ஸுக்குப் பல லட்சம் கட்டிவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞர்களைப் பற்றித் தொலைபேசியில் அந்த விமானிகள் சொன்னார்கள். ஆகவே வேலைக் கடிதம் கையில் வரும்வரை டைப் ரேட்டிங் பக்கம் போகக் கூடாது என்று கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினோம்.

சி.பி.எல்லுக்கும் டைப் ரேட்டிங்குக்கும் நடுவில் என்ன செய்வது? அங்கேதான் பயிற்றுநர் ரேட்டிங்கை வைத்தோம். அமெரிக்காவில் 2013க்குப் பிறகு பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பெரும்பாலோருக்கு ஆயிரத்தைந்நூறு மணி நேரம் வேண்டும். அதனால் அங்கே பலர் பயிற்றுநராகி மணி சேர்க்கிறார்கள். இந்தியாவில் இருநூறு மணி நேரத்தோடு துணை விமானி ஆகிவிடலாம் என்பதால் பயிற்றுநர் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். "நேரமில்ல, வயசாகுது" என்பது காரணம். தம்பியும் அதைத்தான் சொன்னார். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே மணி சேர்க்கும் படி இந்த ஏணியில் அது ஒன்றுதான். பயிற்சிப் பள்ளிகளில் பயிற்றுநர் பற்றாக்குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுவது. அங்கே ஒருவர் வாழ்நாள் முழுக்கவும் நிற்கலாம். நின்றால் தோல்வி இல்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் நினைவுக்கு வந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1916ல் லண்டன் போய்ப் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டப் பள்ளியிலும் சேர்ந்தவர், பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917ல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் அதிகாரியாக இருந்தும் தங்க இடம் கிடைக்காத அவமானம் அந்த ஆண்டில்தான். அவர் படிப்பை விடவில்லை. 1918ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவும் நண்பர் நவல் பதேனாவும் உதவினார்கள். 1920ல் மறுபடி லண்டன் போனார். பிறகு எம்.எஸ்சி., பாரிஸ்டர், டி.எஸ்சி. என்று விட்ட படிகளை ஒவ்வொன்றாக ஏறினார். நடுவில் அவர் நின்ற படி ஆசிரியப் பணி. அந்தப் படி இல்லாமல் இரண்டாம் லண்டன் பயணம் இல்லை. நாங்கள் இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகையைப் பார்த்து, "அப்ப இன்ஸ்ட்ரக்டர் அங்கயே இருக்கட்டும்க்கா" என்றார்.

எங்களுக்குள் சண்டையும் நடந்தது. அதை மறைப்பது சரியல்ல. எங்களில் ஒருவர் முதல் நாளிலிருந்தே எதிர்த்தார். "பதினாலு லட்சத்துக்கு அம்மாவுக்கு ஒரு காங்கிரீட் வீடு வரும், தங்கச்சி பிள்ளைக ரெண்டு பேரு காலேஜ் முடிக்கும். ஒருத்தன் பறக்கறதுக்கு ஒரு குடும்பம் தரையில கெடக்கணுமா? அவனுக்கு ஆசையைக் காட்டி நாமளும் அந்த ஏஜென்ட் மாதிரியே ஆயிரக் கூடாது." இது நியாயமான பேச்சு. இதற்கு நாங்கள் வாதத்தால் பதில் சொல்லவில்லை. வரிசையால்தான் பதில் சொன்னோம். மருத்துவம், திறந்தநிலைப் பள்ளி, எழுத்துத் தேர்வு ஆகிய மூன்று படிகளும் அந்தப் பதினான்கு லட்சத்தில் பெரிய ஓட்டை எதையும் போடாது. அதுவரை பணம் அம்மா பெயரிலும் தம்பி பெயரிலும் வங்கியில் இருக்கும். மூன்று படியும் தாண்டினால்தான் பறப்புப் பணத்தைப் பற்றிப் பேச்சு. "அப்படின்னா சரி" என்றார் அவர். இப்போது இயற்பியல் வகுப்பு எடுப்பவரும் அவர்தான்.

பறப்புப் பணம் எங்கிருந்து வரும்? ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி உரிமப் படிப்பும் ஒன்று. மருத்துவம், பொறியியலோடு முதல் பிரிவிலேயே அது இருக்கிறது. நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் தனியார் பறப்புக் கழகங்களுக்கு என்றே ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். இருநூறு மணி நேரத்தில் அந்தத் தொகை எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னோம். ஏணியின் இரண்டு படிக்குப் பணம் கொடுத்துவிட்டு மீதியை நீயே தாவு என்பது உதவி ஆகாது. அதோடு, பறப்புப் பள்ளி முன்பணம் கேட்கும். உதவித்தொகை பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

வங்கிக் கடன் என்றால் ஏழரை லட்சத்துக்கு மேல் போகும்போது சொத்து அடமானம் கேட்பார்கள். அடமானத்துக்கு நிலம் எங்கே இருக்கிறது? 1892ல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டுப் பாருங்கள். இலவச மனைப்பட்டாவில் ஆயிரம் நிபந்தனை. விமானி நாற்காலிக்கும் பஞ்சமி நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு வங்கி மேலாளரின் மேசை விடை சொல்லும்.

ஏறி முடித்தாலும் மேலே என்ன இருக்கிறது? பொதுத்துறையில் இருந்தவரை ஏர் இந்தியாவில் இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரியில் அது தனியார் கைக்குப் போனது. இன்று பெரிய விமான நிறுவனங்கள் எல்லாம் தனியார். விமானி நேர்காணலில் இடஒதுக்கீடு என்ற சொல்லுக்கே இடமில்லை. உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள ஒன்றிய அரசின் விமானப் பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு உண்டு. படிக்கும்போது இருக்கும் உரிமை வேலைக்குப் போகும்போது இல்லை.

நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்குத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானவியல் நிறுவனத்தில் விமானி பயிற்சிச் செலவை அரசே ஏற்கும் 'விங்ஸ்' என்ற திட்டம் உண்டு. நம் தாய்மார்கள் ஜீப்பில் போய் இறங்கும் அதே மாநிலம். தமிழ்நாட்டில் தாட்கோ விமானப் பணியாளர் பயிற்சிகளை நடத்துகிறது. அது நல்லதே. ஆனால் நம் பிள்ளைகள் பயணிகளுக்குப் பணிவிடை செய்யத் தகுதியானவர்கள் என்று நினைக்கும் அரசு, விமானத்தை ஓட்டவும் தகுதியானவர்கள் என்று எப்போது நினைக்கும்? கோவில்பட்டி அருகே பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயன்று வருகிறது. அது வரும் நாளில் எங்கள் கோரிக்கை மூன்று: இடஒதுக்கீடு இருக்க வேண்டும், முழு ஏணிக்கும் பணம் முன்கூட்டியே பள்ளிக்குப் போக வேண்டும், முப்பது வயதைத் தாண்டியவர் என்று யாரையும் தள்ளக் கூடாது. நம் மக்கள் தாமதமாக வருகிறார்கள் என்றால், வழியில் அத்தனை பேர் நிறுத்தி வைத்தார்கள் என்று அர்த்தம்.

தாமதமாக வந்தவர்கள் வரலாற்றிலும் உண்டு. பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் சிகாகோவில் நகம் திருத்தும் வேலை செய்தவர். கறுப்பர், அதிலும் பெண் என்று அமெரிக்கப் பறப்புப் பள்ளிகள் எல்லாம் கதவை மூடின. அவர் ஏணியின் முதல் படியாக எதை வைத்தார் தெரியுமா? பிரெஞ்சு மொழி. அதைக் கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போனார். 1921 ஜூன் 15 அன்று உரிமம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. அமெரிக்க விமானப்படையில் ஓட்டிய மார்லன் கிரீனை ஒரு பெரிய விமான நிறுவனம் நிறத்தைக் காட்டி மறுத்தபோது, அவர் வழக்காடி 1963ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தனியார் நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அங்கே தீர்ப்பு வந்துவிட்டது. இங்கே நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்து அனுப்ரியா லக்ரா என்ற பழங்குடிப் பெண் 2019ல் பயணிகள் விமானத்தின் துணை விமானி ஆனார். அவர் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுப் பறக்கப் போனது 2012ல். நடுவில் ஏழு ஆண்டுகள்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக நடந்தால் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதில் தம்பி சி.பி.எல். முடிப்பார். இரண்டு விமானிகள் ஓட்டும் வணிக விமானத்தில் அறுபத்தைந்து வயதுவரை பறக்கலாம். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. "எங்கம்மா அம்பத்தஞ்சு வயசுலயும் ஜீப்புல தொங்கிட்டு மலையேறுச்சு. எனக்கு முப்பத்தெட்டுல ஏற என்ன?" என்றார்.

அதுவரை சோற்றுக்கு வழி? இங்கேதான் நான்காவது விதி. பறக்கும் தொழிலில் இன்றே நிற்கக்கூடிய ஒரு சின்னப் படியைத் தேடினோம். ட்ரோன். 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது பதினெட்டிலிருந்து அறுபத்தைந்து. வரலாறு படித்தாயா, இயற்பியல் படித்தாயா என்று கேட்பதில்லை. சில நாள் பயிற்சியில் தொலை விமானிச் சான்று கிடைக்கும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிற பள்ளத்தாக்கு இது. மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று எல்லா வயலிலும் புலம்பல். ட்ரோனில் பறந்த மணி நேரம் சி.பி.எல். கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது. அதைத் தம்பியிடம் தெளிவாகச் சொன்னோம். ஆனால் காற்றின் போக்கு, பேட்டரிக் கணக்கு, புறப்படும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் ஒழுக்கம், இவை எங்கேயும் வீண் போகாது.

சான்று வாங்கி, வாடகை ட்ரோனில் மருந்தடிக்கப் போக ஆரம்பித்தார். முதல் மாதத்தில் ஒரு வயல். வரப்பில் நின்று ஏக்கரைச் சில நிமிடங்களில் அடித்து முடித்ததும் வயல்காரர் அசந்துபோனார். "தம்பி எந்த ஊரு?" "பழனிசெட்டிபட்டிங்க." "அதுல எந்தத் தெரு?" தம்பி சொன்னார். வயல்காரர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வேலையாளிடம் திரும்பி, "அந்தத் தம்பிக்குப் பேப்பர் கப்புல டீ குடு" என்றார். அவர் கையில் இருந்தது எவர்சில்வர் டம்ளர்.

தம்பி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ட்ரோன் மேலே போனாலும் அதை ஓட்டுகிறவன் எந்தத் தெரு என்பதுதான் இந்த ஊருக்கு முதலில் தெரிய வேண்டும். விமானம் ஓட்டினாலும் கேட்பார்கள். ஆகவே பறப்பது சாதியிலிருந்து தப்பிக்கும் வழி என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. அது ஒரு வேலை. அந்த வேலையில் நம் ஆட்கள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கிளாஸ் 2 மருத்துவம் முடிந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், உப்பைக் குறைத்து மறுபடி வரச் சொல்லி, இரண்டாம் முறை தகுதி கொடுத்தார்கள். நிறப்பார்வையில் குறை இல்லை. கிளாஸ் 1 பரிசோதனைக்குத் தேதி கேட்டிருக்கிறார். பன்னிரண்டு லட்சம் இன்னும் வங்கியில் இருக்கிறது. முகவர் மூன்று முறை கூப்பிட்டு, "இடம் போயிரும் சார்" என்றாராம். "மொதல்ல பிசிக்ஸ் பாசாயிட்டு வர்றேன் சார்" என்று தம்பி சொன்னாராம்.

நேற்று மாலை வகுப்பில் திசைவேகம் நடந்தது. முல்லைப்பெரியாற்றில் குறுக்கே நீந்துகிறவன் நேராகப் போனால் எங்கே கரையேறுவான் என்று கேள்வி. நம் தடுப்பணைப் பக்கம் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்கு விடை தெரியும், கணக்காக எழுதத் தெரியவில்லை. தம்பி எழுந்து போய்ப் பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டார். ஆற்றின் இழுப்பு ஒன்று, கை வீசுகிற வேகம் ஒன்று. "பக்கக் காத்துல ஃப்ளைட்டும் இப்படித்தான் போகும். இழுக்குற பக்கத்துக்கு எதிரா மூக்கக் கொஞ்சம் திருப்பி வச்சாத்தான் நெனச்ச எடத்துக்குப் போவோம்" என்றார். "நெசமாவா?" என்று கேட்ட அந்தப் பையன் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் வரைந்துகொண்டிருந்தான்.

ஜெய்பீம்.